மணியினுள் இரும்பு: கனிமச் சேர்பொருள் கொண்ட பலபடி நுண்கோளங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பாலிஸ்டைரீன் போன்ற பலபடிகளால் ஆன நுண்கோளங்களுக்குள் இரும்பு ஆக்சைடு முதலிய கனிமப் பொருள்களைச் சேர்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் வேதியியலில் பல இடங்களில் தனித்தனியே நிகழ்ந்தது. அவற்றுள் நார்வே நாட்டின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் ஜான் உகெல்ஸ்டாட் உருவாக்கிய காந்த நுண்கோளமே மருத்துவத்திலும் உயிரியலிலும் நிலைபெற்றது. இதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. உகெல்ஸ்டாட்டின் சாதனையைப் பற்றிப் பரவலாக வழங்கும் ஒரு கூற்றின் காலமுரணையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: பலபடி, நுண்கோளம், கனிமச் சேர்பொருள், மேக்ஹீமைட், மீபாராகாந்தத்தன்மை, பால்மப் பலபடியாக்கல், உகெல்ஸ்டாட்.

முன்னுரை

காந்த நுண்கோளங்களைப் பற்றிய பொது அறிமுக நூல்களிலும் கலைக்களஞ்சியக் குறிப்புகளிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஒரே அளவுள்ள பெரிய பாலிஸ்டைரீன் மணிகளை அதுவரை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா மட்டுமே, அதுவும் எடையற்ற விண்வெளியில் மட்டுமே, செய்திருந்தது என்றும், 1976இல் நார்வேப் பேராசிரியர் ஒருவர் அதைத் தரையிலேயே செய்து காட்டினார் என்றும் அச்செய்தி கூறுகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்கவில்லை. விண்வெளி ஓடத்தில் பாலிஸ்டைரீன் மணிகள் முதன்முதலாக வளர்க்கப்பட்டது 1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொலம்பியா ஓடத்தின் மூன்றாம் பயணத்தின்போது ஆகும். ஆறாண்டுகளுக்குப் பின் நடந்த ஒன்றை 1976இல் எவரும் முறியடித்திருக்க இயலாது.

இப்பிழை வெறும் ஆண்டுப் பிழையாக இருந்தால் திருத்திவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் மணி செய்வதில் இருந்த தடை புவியீர்ப்பு என்ற எண்ணத்தையும் இக்கதை உடன் விதைத்துவிடுகிறது. தடையின் பெரும்பகுதி வெப்ப இயக்கவியலில் இருந்தது. கனிமப் பொருளை மணிக்குள் சேர்க்கும் வழி திறந்ததும் அந்தத் தடையைக் கடந்த முறையாலேயே. ஆகவே வரலாற்றைச் சற்றுப் பின்னிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

மணிக்கு வெளியே நின்ற கனிமம்

பலபடி மணிக்கும் கனிமத் தூளுக்கும் ஏற்பட்ட முதல் உறவு மணியின் உள்ளே அமையவில்லை. அதன் மேற்பரப்பில் அமைந்தது. எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தில் நுண்ணிய திண்மத் துகள்கள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் படிந்து, அவை ஒன்றோடொன்று சேராமல் காக்கின்றன என்பதை வால்டர் ராம்ஸ்டன் 1903இலும் ஸ்பென்சர் பிக்கரிங் 1907இலும் வெளியிட்டனர். இத்தகைய பால்மம் இன்றும் பிக்கரிங்கின் பெயராலேயே வழங்குகிறது. முந்தியவர் ராம்ஸ்டன் என்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை.

ஜெர்மனியின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாயரும் லாவ்த்தும் 1931இல் முத்துப் பலபடியாக்கலுக்குக் காப்புரிமை கோரினர். நீரில் சிதறடித்த ஒற்றைப்படித் துளிகளை அப்படியே இறுகச் செய்து மணிகளாக்கும் முறை இது. இன்று தொங்கல் பலபடியாக்கல் எனப்படுகிறது. துளி பாதி இறுகிப் பிசினாகும் கட்டம்தான் இம்முறையில் இடர் மிக்கது. அப்போது இரு துளிகள் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். விட்டுவிட்டால் கலம் முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். கால்சியம் பாஸ்பேட் போன்ற கனிமத் தூள்கள் துளியின் மேல் கவசமாக நின்று இதைத் தடுக்கின்றன. மணி இறுகிய பிறகு அமிலத்தால் கழுவினால் கவசம் கரைந்து போகும். தெர்மோகோலுக்கு மூலமான விரிவடையும் பாலிஸ்டைரீன் மணிகள் இவ்வகைத் தொங்கல் முறையில் உருவாகின்றன. கனிமம் இங்கே ஏவலாளாகவே இருந்தது. வேலை முடிந்ததும் வெளியேற்றப்பட்டது.

தொங்கல் முறைக்கு ஒரு குறை உண்டு. துளிகளின் அளவைக் கலக்கியின் வேகமே முடிவு செய்வதால் மணிகள் பல அளவுகளில் அமையும். பெரும்பாலும் அவை பல பத்து மைக்ரோமீட்டர் முதல் மில்லிமீட்டர் வரை இருக்கும். அயனிப் பரிமாற்றப் பிசினுக்கு இது போதும். 1940களில் கேட்டானோ டி'அலேலியோ உருவாக்கிய சல்போனேற்றப்பட்ட ஸ்டைரீன்–டைவினைல்பென்சீன் மணிகளும், 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு பெப்டைடுத் தொகுப்புக்குப் பயன்படுத்திய மணிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஒரே அளவு என்னும் தற்செயல்

மறுபுறம், சோப்பு கலந்த நீரில் ஸ்டைரீனைப் பலபடியாக்கும் பால்ம முறை மிகச் சிறிய துகள்களைத் தந்தது. 1947இல் டோ வேதியியல் நிறுவனத்தின் 580-ஜி என்னும் பாலிஸ்டைரீன் மரப்பாலின் ஒரு தொகுதியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் வைத்தபோது, துகள்கள் அனைத்தும் வியக்கத்தக்க வகையில் ஒரே அளவில் இருப்பது தெரிந்தது. பேக்கஸ், வில்லியம்ஸ் ஆகிய இருவரும் இதனை உணர்ந்து, நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தை அளவிட இத்துகள்களையே அளவுகோலாகப் பயன்படுத்தலாம் என்றனர். அவற்றின் விட்டம் ஏறத்தாழ 0.259 மைக்ரோமீட்டர். அந்த மரப்பாலைத் தயாரித்தவர்கள் ஒரே அளவு வேண்டுமென்று செய்யவில்லை. அது தானே வாய்த்தது. பின்னர் டோ நிறுவனத்தின் பிராட்ஃபோர்டும் ஜான் வாண்டர்ஹாஃபும் அதனை வேண்டும்போது மீண்டும் செய்யத்தக்க முறையாக வளர்த்தெடுத்தனர்.

மருத்துவம் விரைவில் இத்துகள்களைக் கைக்கொண்டது. 1956இல் சிங்கரும் பிளாட்சும் முடக்குவாதத்தைக் கண்டறியப் பாலிஸ்டைரீன் துகள்களின் மேல் புரதத்தைப் படியவைத்து, நோயாளியின் சீரத்தோடு அவை திரள்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை வெளியிட்டனர். பலபடித் துகளின் மேற்பரப்பில் புரதம் உறுதியாகப் படியும் என்பதும், படிந்த பின்னும் தன் பணியைச் செய்யும் என்பதும் இச்சோதனையால் நன்கு விளங்கின. காந்த மணியின் பிற்கால வாழ்வு முழுவதும் இவ்வடித்தளத்தின் மேல் எழுந்ததே ஆகும்.

ஆனால் பால்ம முறையின் துகள்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்ட மறுத்தன. விதைத்துகளைக் கொண்டு வளர்த்தாலும் இரண்டைத் தாண்டுவது அரிது. தொங்கல் முறையோ இருபதுக்கு மேற்பட்டவற்றையே எளிதில் தந்தது. இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. மனித உடலின் உயிரணுக்கள் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தின் அளவினவே. சிவப்பணுவின் விட்டம் ஏழு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். உயிரணுவைப் பிடிக்கத்தக்க மணியை வேதியியலால் ஒழுங்காகச் செய்ய இயலவில்லை என்பதே 1970களின் நிலை.

உப்ப மறுக்கும் துகள்

இந்த வெற்றிடத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். 0.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள விதைத்துகளை 5 மைக்ரோமீட்டராக வளர்க்க விட்டம் பத்து மடங்காகவும், கனவளவு ஆயிரம் மடங்காகவும் பெருக வேண்டும். துகளை ஒற்றைப்படியில் ஊறவைத்து உப்பச் செய்து, பிறகு இறுகவைக்கலாம். ஆனால் சாதாரணப் பாலிஸ்டைரீன் துகள் தன் கனவளவைப்போல் ஒன்று முதல் ஐந்து மடங்கு வரையிலான ஒற்றைப்படியையே உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் கனவளவு இரட்டிப்பதாகக் கொண்டால் ஆயிரம் மடங்கை எட்டப் பத்துச் சுற்றுகள் தேவை. ஒவ்வொரு சுற்றிலும் புதிய சிறு துகள்கள் தோன்றிச் சீர்மையைக் கெடுக்கும். சில துகள்கள் ஒட்டித் திரளும்.

உறிஞ்சலுக்கு ஏன் இந்த எல்லை? 1954இல் மார்ட்டன், கைசர்மன், ஆல்டியர் ஆகியோர் இதற்கு வெப்ப இயக்கவியல் விளக்கம் தந்தனர். ஒற்றைப்படி உள்ளே நுழைவதற்கான உந்துதல், கலத்தலால் உயரும் என்ட்ரோபியிலிருந்து வருகிறது. எதிர்த்து நிற்பது இடைமுக இழுவிசை. துகள் உப்பினால் அதன் பரப்பு கூடும், அதற்கு ஆற்றல் வேண்டும். பலபடியின் மூலக்கூறு மிக நீளமானது. ஆதலால் ஒரு கிராம் பலபடியில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் கலத்தலின் உந்துதலும் குறையும். ஆக, துகள் விரைவில் நிறைவடைந்துவிடுகிறது.

உகெல்ஸ்டாட்டின் பங்களிப்பு இவ்விடத்தில் தொடங்குகிறது. 1921இல் ட்ரோன்ட்ஹெய்மில் பிறந்த அவர் அங்குள்ள நார்வே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1973இல் அவர் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்-ஆசர், வாண்டர்ஹாஃப் ஆகியோருடன் இணைந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒற்றைப்படித் துளிகள் போதிய அளவு சிறியனவாக இருந்தால் பலபடியாக்கல் அத்துளிகளுக்குள்ளேயே தொடங்கும் என்பது அதன் முடிபு. இன்று நுண்பால்மப் பலபடியாக்கல் எனத் தனித்துறையாக வளர்ந்துள்ள பகுதிக்கு அக்கட்டுரையே மூலம். இங்கே பெயர்களைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் விண்வெளி மணிகளை உருவாக்கிய குழுவின் தலைமை ஆய்வாளர் இதே வாண்டர்ஹாஃப்தான். கதையில் போட்டியாளர்களாக நிறுத்தப்படும் இருவரும் ஒரே கட்டுரையின் ஆசிரியர்கள்.

எண்ணிக்கை குறைவுதான் இடர் என்றால், எண்ணிக்கையைக் கூட்டும் பொருளைத் துகளுக்குள் வைத்தால் என்ன? உகெல்ஸ்டாட் கேட்ட வினா இதுவே. மூலக்கூறு எடை முந்நூறு உள்ள ஒரு பொருளின் ஒரு கிராமில், மூலக்கூறு எடை மூன்று லட்சம் உள்ள பலபடியின் ஒரு கிராமைவிட ஆயிரம் மடங்கு மூலக்கூறுகள் உள்ளன. அப்பொருள் நீரில் சற்றும் கரையாததாக இருந்தால் துகளைவிட்டு வெளியேறாது. வெளியேற முடியாத அதனை நாடி ஒற்றைப்படி உள்ளே வந்துகொண்டே இருக்கும். நீரில் போட்ட உலர்திராட்சை உப்புவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். சர்க்கரை தோலுக்குள் தங்கிவிட, நீர் அதனைத் தேடி உள்ளே செல்கிறது.

நடைமுறையில் ஒரு முரண் இருந்தது. நீரில் கரையாத பொருள் நீரைக் கடந்து துகளுக்குள் நுழைவது எங்ஙனம்? இதற்கு அவர் இரு படிகளை வகுத்தார். முதற்படியில் நீரோடு சிறிது அசிட்டோன் சேர்க்கப்படும். அப்போது அப்பொருளின் கரைதிறன் சற்று உயர, அது மெல்ல நீரைக் கடந்து விதைத்துகளுக்குள் செல்லும். பிறகு அசிட்டோன் நீக்கப்படும். கதவு சாத்தப்பட்டதுபோல் பொருள் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். இரண்டாம் படியில் ஒற்றைப்படி சேர்க்கப்படும். துகள் தன் கனவளவைப்போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என உறிஞ்சும். ஒவ்வொரு விதைத்துகளும் ஏறத்தாழ ஒரே அளவு உறிஞ்சுவதால் விதையின் சீர்மை மணிக்கும் வந்து சேர்கிறது. பத்துச் சுற்றுகளின் பணி ஒரே சுற்றில் முடிந்தது. 1970களின் பிற்பகுதியில் இம்முறை உருப்பெற்றது. 1979, 1980 ஆண்டுகளில் மோர்க், எலிங்சன், பெர்கே முதலிய உடன்பணியாளர்களோடு அதன் கோட்பாட்டு விளக்கங்கள் வெளிவந்தன.

விண்வெளி மணிகளின் இடம்

அப்படியாயின் விண்வெளிக்குச் சென்றது எதற்காக? ஸ்டைரீனின் அடர்த்தி 0.91, பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. ஸ்டைரீனில் ஊறிய துகள் தொடக்கத்தில் நீரின்மேல் மிதக்க முனையும். இறுகிய பின் அடியில் படிய முனையும். சில மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களுக்கு இது உண்மையான இடர்தான். கலக்கினால் துகள்கள் மோதித் திரளும், கலக்காவிட்டால் பிரியும். எடையின்மையில் இரண்டும் இல்லை. வாண்டர்ஹாஃபின் குழு பல சுற்று விதைமுறையை விண்வெளிக்குக் கொண்டு சென்றது. 1983இல் சேலஞ்சர் ஓடத்தில் உருவான பத்து மைக்ரோமீட்டர் மணிகளை அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அலுவலகம் நுணுகி அளந்து, 9.89 மைக்ரோமீட்டர் விட்டம் எனச் சான்றளித்து 1985இல் விற்பனைக்கு விட்டது. விண்வெளியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் பொருள் என அவை அறியப்படுகின்றன.

அவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அளவுகோலுக்குரிய பொருளுக்கு அத்தகைய துல்லியம் வேண்டும், அளவும் சிறிதே போதும். மருத்துவமனைகளுக்குக் கிலோகிராம் கணக்கில் மணி வழங்க வேண்டுமாயின் அவ்வழி உதவாது. எதிர்ப்பட்ட இடர் இரண்டு: உப்பாமை ஒன்று, மிதத்தலும் படிதலும் மற்றொன்று. நார்வேக் குழு முதலாவதைத் தீர்த்தபோது சுற்றுகள் குறைந்தன. சுற்றுகள் குறைந்ததும் இரண்டாவதன் கடுமையும் தணிந்தது. இடைப்பட்ட 1982இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்மோக், ரைக், லெவி ஆகியோர் ஆல்கஹாலில் நிகழும் பலபடியாக்கலால் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சீரான மணிகளை ஒரே படியில் பெற்றனர். விண்வெளியா ட்ரோன்ட்ஹெய்மா என்ற இரட்டைக் கதையில் இம்மூன்றாம் வழிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

கனிமம் உள்ளே சென்ற வழிகள்

சீரான மணி கிடைத்த பின் அதற்குள் இரும்பு ஆக்சைடைப் புகுத்தும் வினா எழுந்தது. இதற்கு முன்னோடிகள் இருந்தனர். ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பில் டொனால்ட் வைஸ், பிரையன் போல்ட்டோ ஆகியோர் நீர்த் தூய்மைக்கான அயனிப் பரிமாற்றப் பிசினில் இரும்பு ஆக்சைடுத் தூளைக் கலந்தனர். காந்தத்தன்மை தங்கும் அப்பிசின் மணிகள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு விரைவில் அடியில் படியும். கலக்கினால் மீண்டும் பிரியும். அவ்வழி வந்த பிசின் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பிளசண்ட் குடிநீர் நிலையத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

கலிபோர்னியாவில் ஆலன் ரெம்பாம் வேறொரு பாதையில் சென்றார். 1977இல் மோல்டே, யென் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை, மெத்தக்ரிலேட் வகைப் பலபடி நுண்கோளத்தில் இரும்பு ஆக்சைடைச் சேர்த்து, அதன்மேல் எதிர்ப்பொருளைப் பிணைத்து, உயிரணுக்களைக் காந்தத்தால் பிரிக்கலாம் எனக் காட்டியது. ரெம்பாம் பணியாற்றியது நாசாவைச் சார்ந்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில். காந்த நுண்கோளத்தின் வரலாற்றில் நாசாவுக்குரிய உண்மையான முன்னுரிமை இதுதான். வழங்கும் கதையோ இதை விட்டுவிட்டு, இல்லாத ஒன்றை நாசாவுக்குச் சூட்டுகிறது.

இவ்விரு வழிகளிலும் கனிமம் முதலிலேயே கலக்கப்பட்டது. முன்கலத்தலின் இடர்களைத் துறையினர் நன்கு அறிவர். இரும்பு ஆக்சைடின் பரப்பு நீரை விரும்புவது. ஒற்றைப்படியோ எண்ணெய்த்தன்மை உடையது. விட்டால் தூள் துளியைவிட்டு நீருக்குள் நழுவும், அல்லது இடைமுகத்தில் ஒதுங்கும். ராம்ஸ்டனும் பிக்கரிங்கும் கண்ட அதே இயல்பு இங்கே இடையூறாகிறது. ஒலீயிக் அமிலம் போன்றவற்றால் பரப்பைப் போர்த்தினால் தூள் உள்ளே தங்கும்; எனினும் ஒரு மணியில் மிகுதியாகவும் அடுத்ததில் குறைவாகவும் அமைவதை முற்றிலும் தடுக்க முடிவதில்லை. காந்தத்தின் முன் அவை ஒரே வேகத்தில் நகரா. மணியின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், இரும்பின் அளவு எட்டு மடங்காகும். அளவிலோ உள்ளீட்டிலோ ஏற்படும் சிறு வேறுபாடும் பிரித்தலில் பெருகித் தெரியும்.

உகெல்ஸ்டாட்டின் குழு வரிசையை மாற்றியது. முதலில் ஸ்டைரீனும் டைவினைல்பென்சீனும் கொண்ட நுண்துளை மணி செய்யப்பட்டது. உப்பிய துகளில் பலபடியாகாத கரைப்பான் ஒன்றைச் சேர்த்து, இறுகிய பின் அதனைக் கழுவி நீக்கினால் துளைகள் எஞ்சும். அத்துளைகளின் சுவர்களில் நைட்ரோ, அமீன் போன்ற வேதித் தொகுதிகள் பொருத்தப்பட்டன. பிறகு மணிகள் இரும்பு உப்பின் கரைசலில் ஊறவைக்கப்பட்டன. இரும்பு அயனி துளைக்குள் சென்று சுவரில் பிணைந்து, அங்கேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஆக்சைடு மணித்துகள்களாகப் படிந்தது. இறுதியில் துளைகள் வேறொரு பலபடியால் அடைக்கப்பட்டன. இரும்பு வெளியே கசிந்து உயிரணுவைத் தாக்காதிருக்கவும், புரதம் பிணைவதற்கேற்ற வழவழப்பான பரப்பு கிடைக்கவும் இப்போர்வை உதவியது. கனிமத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை விடுத்து, மணிக்குள்ளேயே அதனைப் பிறப்பித்ததுதான் இம்முறையின் உயிர்நாடி. ஒவ்வொரு மணியிலும் துளைக் கனவளவு ஒன்றே. ஆகவே இரும்பின் அளவும் ஒன்றே.

உள்ளீட்டை ஆராய்ந்த முறைகள்

இம்மணிகள் செய்யப்பட்ட அளவுக்கே ஆராயவும் பட்டன. எத்தனை விழுக்காடு கனிமம் சேர்ந்துள்ளது என்பதை அறிய மணிகளைக் காற்றில் சூடேற்றி எடையிழப்பை அளப்பது எளிய வழி. பலபடி எரிந்து போக, ஆக்சைடு எஞ்சும். ஆனால் இது கோடிக்கணக்கான மணிகளின் சராசரியையே தரும். மணிக்கு மணி உள்ள வேறுபாட்டைக் காட்டாது. மணியை மெல்லிய சீவல்களாக வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் ஆக்சைடு மையம் வரை பரவியுள்ளதா, விளிம்பில் ஒதுங்கியுள்ளதா என்பது தெரியும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் கோடுகள் அகன்று தோன்றுவதைக் கொண்டு ஆக்சைடுத் துகளின் அளவை மதிப்பிடலாம். இதற்கான சமன்பாட்டை பால் ஷெரர் 1918இலேயே தந்திருந்தார். மேக்னடைட்டுக்கும் மேக்ஹீமைட்டுக்கும் விலகல் கோடுகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அவற்றைப் பிரித்தறிய மாஸ்பவர் நிறமாலை தேவைப்படுகிறது.

விற்பனைக்கு வந்த 4.5 மைக்ரோமீட்டர் மணியில் இரும்பு எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு. மேக்ஹீமைட்டில் எழுபது விழுக்காடு இரும்பு என்பதால், ஆக்சைடு 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வரும். எடையில் இது பெரிதாகத் தோன்றினாலும், ஆக்சைடின் அடர்த்தி பலபடியினுடையதைப்போல் நான்கரை மடங்குக்கு மேல் ஆகையால், கனவளவில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. மணியின் உடல் பலபடியே. இரும்பு அதில் தூவப்பட்டதுபோல் உள்ளது.

தூவப்பட்ட அத்துகள்கள் நானோமீட்டர் அளவில் இருப்பதே மணியின் காந்த இயல்பை முடிவு செய்கிறது. மிகச் சிறிய காந்தத் துகளில் வெப்பக் கிளர்ச்சியே காந்தத் திசையைப் புரட்டிவிடும் என்பதை லூயி நீல் 1949இல் விளக்கினார். பீன், லிவிங்ஸ்டன் ஆகியோரின் 1959 கட்டுரைக்குப் பின் மீபாராகாந்தத்தன்மை என்னும் பெயர் இதற்கு நிலைத்தது. வெளிக்காந்தம் அருகிருந்தால் மணி ஈர்க்கப்படும். அகற்றினால் ஈர்ப்பு முற்றும் மறையும், மணிகள் மீண்டும் நீரில் தனித்தனியே பரவும். ஆஸ்திரேலியப் பிசினுக்கு வேண்டியிருந்தது இதற்கு நேர்மாறானது என்பதை இங்கு நினைவுகூரலாம். அங்கே எஞ்சும் காந்தம் மணிகளைத் திரளவைத்துப் படியச் செய்தது, இங்கே எஞ்சினால் உயிரணுக்கள் திரளுக்குள் சிக்கிக்கொள்ளும்.

எலும்பு மஜ்ஜையில் தொடங்கிய பயன்பாடு

1984 ஜனவரியில் லான்செட் இதழில் ட்ரெலீவன், கெம்ஸ்ஹெட் முதலியோர் உகெல்ஸ்டாட்டோடு இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். குழந்தைகளைத் தாக்கும் நரம்பணுப் புற்றான நியூரோபிளாஸ்டோமாவில், கடும் மருந்துச் சிகிச்சைக்கு முன் குழந்தையின் எலும்பு மஜ்ஜையை எடுத்து வைத்துப் பின்னர்த் திரும்பச் செலுத்துவது வழக்கம். எடுத்து வைத்த மஜ்ஜையிலேயே புற்றணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும். அவற்றைக் கண்டுகொள்ளும் எதிர்ப்பொருள்களை மஜ்ஜையில் சேர்த்து, அந்த எதிர்ப்பொருள்களைப் பற்றும் காந்த மணிகளை அதன்பின் சேர்த்து, காந்தங்களின் முன் பாயவிட்டுப் புற்றணுக்களை நீக்கும் முறையை அக்கட்டுரை விவரித்தது. அளவில் சீரான மணி, கசியாத இரும்பு, எஞ்சாத காந்தம் ஆகிய மூன்றும் ஒரு குழந்தையின் உடலுக்குள் திரும்பிச் செல்லும் நீர்மத்தில் எத்தகைய முதன்மை பெறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வெடிமருந்துத் தொழிலில் வேரூன்றிய டைனோ நிறுவனத்தின் பங்கேற்போடு 1986இல் டைனல் என்னும் நிறுவனம் அமைந்தது. மணிகள் டைனபீட்ஸ் என்ற வணிகப் பெயரைப் பெற்றன. உறுப்பு மாற்றத்துக்கான திசு வகைப்பாட்டில் ஃபுரோட வார்ட்டாலின் குழு இவற்றைப் பயன்படுத்தியது. 1989இல் ஸ்வீடனின் மத்தியாஸ் உலேன் டி.என்.ஏ.வைக் காந்தத்தால் பிரிக்கும் முறையை வெளியிட்டபின் மணிகள் மரபணு ஆய்வகங்களுக்குள் நுழைந்தன. உகெல்ஸ்டாட் 1997இல் மறைந்தார். 2005இல் அமெரிக்காவின் இன்விட்ரோஜன் நிறுவனம் டைனலை வாங்கியது.

முதல் பயன்பாடு என்னவாயிற்று என்பதை வெற்றிக் கதைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. நியூரோபிளாஸ்டோமாவில் காந்த மணி கொண்டு தூய்மைப்படுத்திய இரத்தத் தண்டணுக்களையும் தூய்மைப்படுத்தாதவற்றையும் ஒப்பிட்டு வட அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுமம் நடத்திய சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. 495 நோயாளிகள் பங்கேற்ற அவ்வாய்வில் தூய்மைப்படுத்தியதால் நோயாளிகளின் நலனில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மணி தன் பணியைச் செய்தது, புற்றணுக்களை நீக்கியது. நோய் மீள்வதற்கு, திரும்பச் செலுத்தப்பட்ட அணுக்களைவிட உடலிலேயே எஞ்சியிருந்த நோயே பெருங்காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. கருவியின் செம்மையும் மருத்துவப் பயனும் வேறுவேறு வினாக்கள் என்பதை வேதியியல் வரலாறு எழுதுவோர் பிரித்துக் காணாத இடங்களில் இதுவும் ஒன்று.

இதற்கிடையில் மணிக்கு மற்றொரு பணி வாய்த்தது. கார்ல் ஜூன், புரூஸ் லெவின் ஆகியோர் 1990களில் அதே 4.5 மைக்ரோமீட்டர் மணியின் மேல் டி-அணுக்களைத் தூண்டும் இரு எதிர்ப்பொருள்களைப் பிணைத்து, உடலுக்கு வெளியே அவ்வணுக்களைப் பெருக்கும் முறையை வளர்த்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுக்காக 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மரபணு மாற்ற டி-அணுச் சிகிச்சையின் தயாரிப்பில் இத்தகைய மணிகள் இடம்பெற்றன. 1984இல் மணி பற்றியது நீக்க வேண்டிய அணுவை. இப்போது பற்றுவது காக்க வேண்டிய அணுவை. பெருக்கம் முடிந்ததும், நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன், மணிகள் காந்தத்தால் பிரித்தெடுக்கப்பட்டு, எஞ்சியவை உண்டா என நுண்ணோக்கியின்கீழ் எண்ணிப் பார்க்கப்படுகின்றன.